சபை பாய்லருக்குள் ஒரு துளைத்தட்டு

ஃபைலி
7 மார்ச் 1976

அன்புள்ள வில்ஃப்,

வந்து சேர்ந்தேன். எனக்கு ஒன்றுமில்லை, ரயிலில் நின்றுகொண்டே வந்ததில் கால் மட்டும் வீங்கிக் கிடக்கிறது. உன் இருமல் எப்படி? மார்புக்குத் தைலம் தேய்க்கச் சொன்னேனே, தேய்த்தாயா?

அம்மாவின் இடுப்பெலும்பு ஒட்ட மாதக்கணக்கில் ஆகும் என்கிறார் டாக்டர். எண்பத்தோரு வயதில் ஜன்னல் திரையை உதற ஸ்டூலில் ஏறினால் வேறென்ன ஆகும்? கேட்டால், "அழுக்குத் திரைக்குப் பின்னாடி கிடக்கச் சொல்றியா என்னை?" என்று என்மேல் பாய்கிறாள். எதைச் சமைத்துக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். படுக்கையிலேயே எல்லாம். அதைப் பற்றி எழுதி உன் பசியையும் கெடுக்க மாட்டேன். என் பசி ஏற்கெனவே போய்விட்டது.

இங்கே டெலிபோன் கிடையாது. தெருமுனைப் பெட்டியில் எவனோ ரிசீவரையே அறுத்துக்கொண்டு போய்விட்டான். ஆகவே கடிதம்தான்.

பால்காரரிடம் இனி ஒரு பாட்டில் போதும் என்று சொல். மாடிப்படிக்கு அடியில் சபையின் தேநீர் பாய்லர் இருக்கிறது, அதைத் துணி போட்டு மூடி வை. ஜூனில் ஓய்வுநாள் பாடசாலை ஆண்டுவிழாவுக்கு எடுத்துப்போக மிஸஸ் ஆக்ராய்ட் வருவாள். இருபது வருஷமாக அது என் பொறுப்பு. அதன்மேல் உன் பூட்ஸை வைத்தாயோ, தெரியும் சேதி.

அம்மா உன்னை விசாரித்தாள் என்று எழுத ஆசைதான். விசாரிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
எட்னா

கீத்லி
21 மார்ச் 1976

அன்புள்ள எட்னா,

உன் கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். என் இருமல் தானாகவே போய்விட்டது. தைலம் பூனைக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். சொன்னால் கேட்பாரோ என்னவோ.

மில்லில் வேலை எப்போதும் போல. வீட்டுக்கு வந்தால்தான் கஷ்டம். சாயங்காலம் கடிகாரம் அடிக்கிற சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. கிளப்புக்குப் போனால் அங்கே பீர் என்று ஊற்றுவது சோப்புத் தண்ணீர். இரும்புப் பீப்பாயில் காற்றை அடைத்து அனுப்புகிறான்கள். வாயில் வைத்தால் குமட்டுகிறது.

பக்கத்து வீட்டு நார்மன் தன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். விற்காதவரை சட்டமும் ஒன்றும் சொல்லாது. முளைகட்டிய பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைக்க வேண்டும், பிறகு உமியை விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் இறக்கி, ஈஸ்ட் போட்டு நுரைக்க விட வேண்டும். அவ்வளவுதான் என்றான். நானும் சும்மா ஒரு வாளியில் செய்து பார்த்தேன். அடியில் வலைத்துணி போட்டேன். அது உமியில் சிக்கி அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டு இறங்கவில்லை. மறுநாள் வாளி முழுக்கப் புளித்த கஞ்சி, மேலே சாம்பல் நிறத்தில் ஏடு. பூனை அந்தப் பக்கமே வரவில்லை.

உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. அந்த வலைத்துணி நம் முன்னறை ஜன்னல் திரை.

குளிரில் வெளியே போகாதே.
உன் வில்ஃப்

ஃபைலி
28 மார்ச் 1976

வில்ஃப்,

அம்மா அப்படியே இருக்கிறாள். என்னைப் பற்றிக் கேட்காதே.

இங்கே நான் மலமும் மூத்திரமும் வாரிக்கொண்டிருக்கிறேன், அங்கே நீ என் ஜன்னல் திரையில் சாராயம் வடிக்கிறாய். சீ! அந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கை கழுவினேன். ஏடு படிந்த கஞ்சியாம், பூனை வரவில்லையாம். பூனைக்கு இருக்கிற புத்தி வீட்டுக்காரனுக்கு இல்லை.

அம்மா ஒன்பது வயதில் ஓய்வுநாள் பாடசாலையில் எழுந்து நின்று, ஆயுசுக்கும் மது ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவள். அந்த அட்டை இன்றைக்கும் கட்டிலுக்கு நேரே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. நான் வளர்ந்தது அதன் கீழேதான். நம் கல்யாணத்துக்கு அவள் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று உனக்குத் தெரியாததா? குடிகாரன் மகன் என்றாள். நான்தான், "அவர் வீட்டுக்குள்ள ஒரு சொட்டு கொண்டு வரமாட்டாரும்மா" என்று உனக்காக வாக்குக் கொடுத்தேன். முப்பத்தோரு வருஷம் அந்த வாக்கு நின்றது.

இதோ பார். அந்த நாற்றம் வீட்டுக்குள் இருக்கிறவரை நான் வாசற்படி மிதிக்க மாட்டேன். அம்மா எழுந்து நடந்தாலும் சரி, இங்கேயே இருந்துவிடுவேன். கடற்கரை ஊர், நல்ல காற்று, உமி நாற்றம் இல்லை.

திரையை எரித்துவிடு. துவைத்து மாட்டிவிடாதே.
எட்னா

கீத்லி
25 ஏப்ரல் 1976

அன்புள்ள எட்னா,

நீயும் அம்மாவும் சுகமா? ஈஸ்டருக்கு ஒரு கடிதமாவது வரும் என்று பார்த்தேன். நானும் எழுதவில்லை, தப்புதான்.

திரையை எரித்துவிட்டேன். வீட்டுக்குள் இப்போது ஒன்றும் இல்லை, சத்தியமாக. எல்லாம் பின்கொட்டகையில். நீ சொன்னதை நான் காற்றில் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் எட்னா, இந்த வேலையில் ஒரு நேர்த்தி இருக்கிறது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். நார்மனிடம் சொன்னால் கொட்டாவி விடுகிறான்.

வாளி சரிப்படாது என்று தெரிந்துபோயிற்று. உருளையான ஒரு பாத்திரம் கிடைத்தது, மூடியும் அடியில் குழாயும் உள்ளது. அதற்குள் இரண்டாவது அடி மாதிரி ஒரு துளைத்தட்டு பொருத்த வேண்டும். தட்டுக்கு மேலே பார்லி நிற்கும், கீழே சாறு இறங்கும். மில் கழிவில் கிடந்த எவர்சில்வர் தகட்டை வட்டமாக வெட்டினேன். முதலில் துளை பெரிதாகிவிட்டது. உமி இறங்கிக் குழாயை அடைத்தது. வாய் வைத்து ஊதினேன், திரும்பி என் தொண்டைக்குள்ளேயே வந்தது. அந்தக் கண்ராவியை விடு. அடுத்த தகட்டில் பொடித் துளைகள் போட்டு, ஒவ்வொன்றையும் அரத்தால் ராவினேன். குழாய்க்கு மேலே நிற்கும்படி மூன்று போல்ட்டைக் காலாக வைத்தேன். அப்படியும் ஓரத்துச் சந்தில் பார்லி இறங்கியது. குளியலறையில் தலை அலசுகிற ரப்பர் குழாய் இருக்கிறதே, அதை நீளவாக்கில் கீறி, தட்டின் விளிம்பைச் சுற்றி மாட்டி, அழுத்தி இறக்கினேன். கச்சிதம்! சாறு தேன் மாதிரி இறங்கியது.

குழாய்தான் கொஞ்சம் முரண்டு. இடது பக்கம் திருகி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால்தான் நிற்கிறது. மற்றபடி குறை இல்லை.

பதில் போடு. நாலு வரியானாலும் போதும்.
உன் வில்ஃப்

ஃபைலி
1 மே 1976

வில்ஃப்,

இடது பக்கம் திருகி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் நிற்கிற குழாய் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை இருபது வருஷமாகத் தட்டுகிற உள்ளங்கை என்னுடையது.

பாவி மனுஷா. சபை பாய்லர்! ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தேநீர் போட்ட பாத்திரம். அதில் என் தலைமுடி சிக்கிய ரப்பர் குழாயை வேறு திணித்திருக்கிறாய்.

தட்டைக் கழற்று. சோடா போட்டுக் கொதிக்கவிட்டுக் கழுவு. கழற்றிவிட்டு எழுது, அதுவரை எழுதாதே.

எட்னா

கீத்லி
10 மே 1976

அன்புள்ள எட்னா,

உன் உடம்பு எப்படி என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

கழற்ற முடியவில்லை. வெந்நீரில் ரப்பர் ஊதி, தட்டு உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கொக்கி போட்டு இழுத்தேன். பனிக்கட்டி போட்டுச் சுருக்கப் பார்த்தேன். நார்மன் பாய்லருக்குள் தலையை விட்டு, "வில்ஃபு, இது வராதுடா. என்னை வெளிய இழு முதல்ல!" என்று அலறினான். இதற்குமேல் இழுத்தால் உள்பூச்சு கிழிந்துவிடும். முப்பது வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான், என் தட்டு என்னையே பழிவாங்குகிறது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

சோடா போட்டுக் கழுவிவிட்டேன். குழாய் வழியாக அடியிலும் தண்ணீரைப் பீய்ச்சினேன். ஆண்டுவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மிஸஸ் ஆக்ராய்டிடம் நானே போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நீ சொன்னால் சொல்கிறேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.
வில்ஃப்

கீத்லி
14 ஜூன் 1976

அன்புள்ள எட்னா,

நலமா? பதிலே இல்லை. அம்மாவுக்கு ஏதும் அதிகமாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

நீ சொல் என்று சொல்லவில்லை, அதனால் நான் சொல்லவில்லை. மிஸஸ் ஆக்ராய்ட் வந்து ஆண்டுவிழாவுக்குப் பாய்லரை எடுத்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வேர்த்துக் கொட்டியது. இந்த வெயிலுக்குத்தான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வழக்கம் போலத் தேயிலையை அப்படியே உள்ளே கொட்டினாள். வழக்கம் போலக் கோப்பையில் தூள் வரவேண்டுமே, வரவில்லை. தூள் முழுக்கத் தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. கண்ணாடி மாதிரித் தேநீர். மிஸஸ் ஆக்ராய்ட் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். என் உயிர் போய்விட்டது. "அடடே, இங்க பாருங்கடி! எட்னா சத்தமில்லாம சல்லடை ஒண்ணு பொருத்தி வச்சிருக்கா! அங்க அம்மா படுத்த படுக்கையா கிடக்கிறப்பவும் சபை நெனப்பு அவளுக்கு!" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். போதகர் இரண்டாவது கோப்பை வாங்கினார். "புதுத் தேயிலையா? பிஸ்கட் வாசனை வருதே, நல்லா இருக்கு" என்றார்.

உனக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள். தபாலில் வரும். பாய்லரை மறுபடி நம் மாடிப்படிக்கு அடியிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

கோபத்திலாவது எழுது.
வில்ஃப்

ஃபைலி
27 ஜூன் 1976

வில்ஃப்,

நன்றித் தீர்மானம் வந்தது. "சகோதரி எட்னாவின் தூய்மையான சேவைக்கு" என்று போட்டிருக்கிறது. தூய்மை! படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தட்டுக்குக் கீழே அழுகின உமி, தட்டைச் சுற்றி என் தலைமுடி, அதன்மேல் ஊறின தேநீரைப் போதகர் இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் பிஸ்கட் வாசனை என்கிறார். இனி நான் உண்மையைச் சொன்னால் சபையில் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள், மீதிப் பேர் என் உயிரை எடுப்பார்கள். நன்றாக மாட்டிவிட்டாய்.

திட்டக்கூடத் தெம்பு இல்லை. இந்த வெயிலில் அறை அடுப்பாகக் கிடக்கிறது. அம்மாவுக்கு முதுகில் புண் வந்துவிட்டது. அதன் வாடை என் ரவிக்கையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. சூப் வைத்தால் துப்புகிறாள், பால் கொடுத்தால் துப்புகிறாள். "வாய்க்கு எதுவும் வேண்டாண்டி, என்னை விடு" என்கிறாள். டாக்டர் வருவதும் போவதும்தான். கையைப் பிடித்தால் வெறும் எலும்பு.

நீ சாப்பிடுகிறாயா?
எட்னா

கீத்லி
5 ஜூலை 1976

அன்புள்ள எட்னா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை. நான் சாப்பிடுகிறேன். நீ சாப்பிடு முதலில்.

கோபப்படாமல் கேள். நார்மன் தன் கேரவன் வண்டியோடு உங்கள் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு புட்டி கொடுத்து அனுப்புகிறேன். ஈஸ்ட் போடாத வெறும் பார்லிச் சாறு. போதை என்பது மருந்துக்கும் கிடையாது. நோஞ்சான் குழந்தைகளுக்கு டாக்டரே எழுதிக்கொடுக்கிற மால்ட் மாதிரிதான், கொஞ்சம் தண்ணீராக இருக்கும். சத்தியத்துக்குப் பங்கம் இல்லை. ஒரு ஸ்பூன் உள்ளே போனாலும் லாபம்.

வேண்டாம் என்றால் கொட்டிவிடு. யார் செய்தது என்று சொல்லாதே, சொன்னால் தொடமாட்டார்.

உன் வில்ஃப்

ஃபைலி
2 ஆகஸ்ட் 1976

வில்ஃப்,

இருவரும் நலம். பதில் போட நேரம் இல்லை.

நார்மன் உன் புட்டியை மூன்று நாள் கேரவனுக்குள் வெயிலில் போட்டு வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். திறந்ததும் மூடி கூரையில் போய் இடித்தது. ஈஸ்ட் இல்லாமலே புளித்துப் பொங்கியிருக்கிறது, மெத்தையெல்லாம் நுரை. ஒரு வாடை, ஐயோ, செத்த எலி தோற்றது. சாக்கடையில் கொட்டத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

பிறகு நீ அனுப்பிய இரண்டாவது புட்டி சாதாரணமாக இருந்தது. நுரை இல்லை, இனிப்பு மட்டும். அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். "இது அந்த மருந்து இல்ல" என்கிறாள்.

முதலில் வந்ததே, அந்த மருந்து. அதே மாதிரி இரண்டு புட்டி அனுப்பு. சீக்கிரம்.

எதில் செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லாதே.

எட்னா

கீத்லி
9 ஆகஸ்ட் 1976

அன்புள்ள எட்னா,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சரி.

மருந்து மூன்று புட்டி அனுப்பியிருக்கிறேன். நார்மனிடம் நிழலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி வேண்டாம், சாயங்காலம் கொடு. சின்னக் கிளாஸ் போதும். திறக்கும்போது மெத்தைக்கு நேரே பிடிக்காதே.

இங்கே குழாயில் தண்ணீர் பாதி நேரம் வருவதில்லை. குளிப்பதை நிறுத்திவிட்டேன். மருந்துக்குத் தண்ணீர் வேண்டுமே.

உன் வில்ஃப்

ஃபைலி
3 அக்டோபர் 1976

அன்புள்ள வில்ஃப்,

சுகமாக இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன். அங்கே நம் சபையில் அம்மாவின் அடக்கத்தன்று உன் முகம் வெளுத்துக் கிடந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள், நாம் இரண்டு வார்த்தை தனியாகப் பேசவில்லை. மறுநாள் காலையே நான் அம்மாவின் வீட்டைக் காலி செய்ய இங்கே ஓடி வந்துவிட்டேன். பேசாததை எழுதுகிறேன்.

போதகர் பிரசங்கத்தில், "எழுபத்திரண்டு ஆண்டுகள்! ஒரு சொட்டு அந்த உதடுகளைத் தொட்டதில்லை!" என்று மேடையைக் குத்தினாரே, அப்போது நீ உன் பூட்ஸைப் பார்த்தாய். எனக்கு இருமல் வந்துவிட்டது. அழுகிறேன் என்று நினைத்து மிஸஸ் ஆக்ராய்ட் முதுகைத் தடவினாள். பிறகு பன்றித்தொடைக் கறியும், அந்தப் பாய்லரிலிருந்து தேநீரும். "உங்கம்மா மனசு மாதிரியே தெளிவா இருக்கு பாரு எட்னா" என்று என் கையில் கோப்பையைத் திணித்தாள். குடித்தேன். வேறு வழி? ஒவ்வொரு மடக்கும் கழுத்து வரை வந்து திரும்பிப் போயிற்று.

சாக்கடையில் கொட்ட எடுத்துக்கொண்டு போனேன் என்று எழுதினேன் அல்லவா? கொட்டினேன் என்று எழுதவில்லை. அம்மா கூப்பிட்டாள். "எங்கடி கொண்டு போற? மேலெல்லாம் ஊத்திட்டு, மிச்சத்தையும் கொட்டப் போறியா? கொண்டா இங்க." நாற்றம் பிடித்தது, கெட்டுப்போயிற்று என்றேன். கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கொடுத்தேன். முழுக்கக் குடித்துவிட்டு மேலுதட்டு நுரையை நக்கினாள், வில்ஃப். மார்ச்சிலிருந்து எதையும் விழுங்காத வாய். அன்றைக்கு ரொட்டி கேட்டாள். புண் வலியில்லாமல் தூங்கினாள். மறுநாள் சாயங்காலம், "மருந்து எங்க?" என்றாள்.

ஒரு வாரம் போனதும், கட்டிலுக்கு நேரே தொங்கின சத்திய அட்டையைக் காட்டி, "அதுல தூசி படிஞ்சிருக்கு. எறக்கித் தொடச்சு வை" என்றாள். இறக்கினேன், துடைத்தேன். மறுபடி மாட்டச் சொல்லவில்லை. நானும் மாட்டவில்லை. கடைசி வரை அது அலமாரி இழுப்பறையில் கவிழ்ந்தே கிடந்தது. இப்போது மிஸஸ் ஆக்ராய்ட் அதைக் கேட்கிறாள், பாய்லருக்கு மேலே சுவரில் மாட்டப்போகிறாளாம். கொடுத்துவிடுகிறேன். இதைவிடக் கருமம் இனிமேல் நமக்கு என்ன வந்துவிடப் போகிறது?

சாவதற்கு முந்தின வாரம், "இதை யாருடி செய்யறது?" என்று கேட்டாள். மறைக்கத்தான் நினைத்தேன், வாய் சொல்லிவிட்டது. கூரையில் மூடி இடித்த கறையைப் பார்த்தாள். "முப்பத்தோரு வருஷத்துல அந்தப் பய உருப்படியா செஞ்சது இது ஒண்ணுதான். இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள். உன்னைப் பற்றி அவள் சொன்ன நல்ல வார்த்தை இந்த ஒன்றுதான், வைத்துக்கொள்.

சனிக்கிழமை மத்தியான ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு வா, பெட்டி கனமாக இருக்கும். அதற்குள் வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து போடு. பின்கொட்டகைக்கு உனக்கென்று ஒரு பாத்திரம் வாங்கிக்கொள். அதில் எத்தனை துளைத்தட்டு வேண்டுமானாலும் பொருத்திக்கொள். சபைத் தட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும், எடுத்தால் அந்த ஆக்ராய்ட் நம்மைக் கொன்றுவிடுவாள். தலை அலச எனக்குப் புது ரப்பர் குழாய் வேண்டும்.

மருந்தில் மிச்சம் இருந்தால் ஒரு புட்டி கொட்டாமல் வை. நினைத்தாலே குமட்டுகிறது. ஆனாலும் அம்மா அதில் என்னத்தைக் கண்டாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரே ஒரு வாய்தான். பக்கத்தில் வாளி ஒன்று வை, துப்புவதற்கு.

உன்
எட்னா